கட்டிப்போடாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நண்பன் ஒருவனின் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு வெளியீட்டு விழா நடந்தது. சென்னையில் ஒரு சின்ன அரங்கம். எண்பது நாற்காலிகளில் அறுபது நிரம்பியிருந்தன. இலக்கியக் கூட்டக் கணக்கில் அது ஹவுஸ்ஃபுல். நண்பனின் அம்மா முதல்நாளே ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். முதல் வரிசையில் பட்டுப்புடவையோடு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தொகுப்பின் நான்காவது கதை அவருடைய அப்பாவைப் பற்றியது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ‘மேடைல யாராவது அந்தக் கதையப் பத்திப் பேசுவாங்கடா, அம்மா கேக்கும்’ என்று அவன் என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருந்தான்.

ஐந்து பேச்சாளர்கள். கடைசியாகப் பேச வந்தவர் பேர் போனவர். அவருக்காகத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், ஐம்பது நிமிடம் பேசினார். விமான நிலையத்தில் நடந்த ஒரு வேடிக்கை, டாக்டரிடம் போன கதை, வீட்டில் மனைவி தன்னை மதிப்பதில்லை என்பதைப் பற்றி நான்கு ஜோக்குகள். அரங்கம் குலுங்கியது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். நடுவில் இரண்டு முறை புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டி, ‘இந்தத் தம்பியின் நாவல்’ என்றார். அது சிறுகதைத் தொகுப்பு. யாரும் திருத்தவில்லை. முடிக்கும்போது தாய்மையைப் பற்றி ஒரு நிமிடம் குரல் தழுதழுத்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ‘என்னமா கூட்டத்தக் கட்டிப்போட்டுட்டாரு!’ என்றார் பக்கத்தில் இருந்தவர்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா கேட்டார்: “நல்லாப் பேசுனாருப்பா. அதெல்லாம் உன் புஸ்தகத்துல இருக்கறதா?”

நண்பன் வெளியே பார்த்துக்கொண்டு “ஆமாம்மா” என்றான்.

இந்தக் கட்டுரை அந்த ‘ஆமாம்மா’வுக்காக எழுதப்படுவது.

*

கூட்டத்தைக் கட்டிப்போடுவது. நம் மொழியில் ஒரு பேச்சாளருக்குக் கொடுக்கப்படும் உச்சபட்ச பாராட்டு இது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதைக் கட்டிப்போடுவோம்? மாட்டை. நாயை. திருடனை. கட்டிப்போடப்பட்டவன் ஓடமாட்டான், அவ்வளவுதான். அவன் எங்காவது போய்ச் சேர்ந்தான் என்று அதற்குப் பொருள் இல்லை. பேச்சு ஆரம்பித்தபோது எங்கே இருந்தானோ அதே இடத்தில்தான் முடியும்போதும் இருக்கிறான். கயிறு அவிழ்ந்ததும் எழுந்து டீக்கடைக்குப் போகிறான்.

இன்றைய நம் மேடை முழுக்க இந்த ஒற்றை இலக்கை நோக்கியே நகர்கிறது. ஆள் எழுந்து போகக் கூடாது. கொட்டாவி விடக் கூடாது. போனை எடுக்கக் கூடாது. இதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதெல்லாம் பேச்சுக்கலை. ‘அவர் என்ன பேசினார்’ என்று மறுநாள் கேட்டால், ‘சூப்பரா பேசினார்’ என்கிறோம். பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ‘என்ன’ என்ற கேள்விக்கு ‘எப்படி’ என்றே பதில் வருகிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: கேட்பவரின் கவனத்தைப் பிடித்து வைப்பது பேச்சாளரின் வேலை இல்லை. கேட்பவருக்குக் கவனிக்கத் தகுந்த ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதே அவர் வேலை. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். முதலாவதை மட்டும் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறைப் பேச்சாளர்கள் இரண்டாவதைக் கைகழுவிவிட்டார்கள். அதற்குக் கைதட்டிய நாமும் கூட்டுக் குற்றவாளிகள்.

*

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஒருமுறை அலுவலகத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். கோட் அணிந்த பயிற்சியாளர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி சொன்னார்: ‘நீங்க பேசுற வார்த்தை வெறும் 7 சதவீதம்தான். குரல் 38 சதவீதம். உடல்மொழி 55 சதவீதம்.’ அடுத்த ஸ்லைடில் ஒரு தங்கமீன். ‘மனுஷனோட கவனம் இப்ப எட்டே செகண்ட். தங்கமீனுக்கு ஒன்பது.’ எல்லோரும் சிரித்தோம், குறித்துக்கொண்டோம். முதல் முப்பது வினாடியில் ஒரு கொக்கி போடு. மூன்று நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு. நடுவில் ஒரு சொந்தக் கதை. கடைசியில் ஒரு உருக்கம். இதுதான் ஃபார்முலா.

அதை வைத்துக்கொண்டு ஒரு வாசகர் கூட்டத்தில் ஒரு நாவலைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினேன். எங்கெங்கே சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தேன். அங்கங்கே சிரித்தார்கள். கைதட்டல், கைகுலுக்கல், செல்ஃபி. எல்லாம் முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர்ட் ஆசிரியராக இருக்க வேண்டும். கையில் அதே நாவலின் பழைய பதிப்பு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. “தம்பி, ஒரு சந்தேகம். கடைசில அவ எதுக்கு அந்த வீட்டுக்கே திரும்பிப் போறா? எனக்கு மூணு வாட்டி படிச்சும் பிடிபடல” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதது கூடப் பரவாயில்லை, அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நாவலின் மையமான முடிச்சு அது. நான் இருபத்தைந்து நிமிடம் அதைச் சுற்றி ஜோக் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். “அது வாசகரோட பார்வையப் பொறுத்தது சார்” என்று ஏதோ உளறினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

*

அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்த 7 சதவீதத்தைத் தேடிப் படித்தேன். இன்ஜினியர் புத்தி, தாமதமாக வந்தது.

ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து எடுத்து ஒட்டிய எண்கள் அவை. அந்தச் சோதனைகளில் யாரும் மேடையில் பேசவில்லை. ஒற்றை ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிவுசெய்து ஒலிக்கவிட்டார்கள். ஒன்றில் முகபாவப் படங்களையும் சேர்த்துக் காட்டினார்கள். பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்பவர் ஊகிக்க வேண்டும். சொல் ஒன்று சொல்லி, குரலும் முகமும் வேறொன்று சொன்னால் எதை நம்புகிறோம் என்பதே கேள்வி. உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிப் பேசும்போது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். பயிற்சி வகுப்புக்காரர்களுக்கு அதெல்லாம் எதற்கு? சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்றால் ஜப்பானிய மொழியில் ஒருவர் பேசுவதை நான் 93 சதவீதம் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கூட அந்த வகுப்பில் முப்பது இன்ஜினியர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

தங்கமீன் கதை இன்னும் மோசம். 2015இல் மைக்ரோசாஃப்டின் கனடா பிரிவு விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட ஓர் அறிக்கையால் அது உலகம் சுற்றியது. அந்த எட்டு வினாடிக்கு ஆய்வு அடிப்படை என்று எதுவும் இல்லை என்பதைப் பின்னால் பத்திரிகையாளர்கள் துருவிப் பார்த்து எழுதினார்கள். கவனம் என்பது பேட்டரி போல ஒருவரிடம் இத்தனை நொடி என்று இருப்பதில்லை. என்ன வேலை, அதில் எனக்கு என்ன அக்கறை என்பதைப் பொறுத்து அது மாறும். எட்டு வினாடி மனிதன்தான் இரவு முழுக்க உட்கார்ந்து ஒரு வெப் சீரிஸைப் பார்த்து முடிக்கிறான்.

ஆனால் இந்தப் பொய்கள் ஏன் இவ்வளவு பிரபலம்? அவை பேச்சாளருக்கு வசதியாக இருக்கின்றன. வார்த்தை 7 சதவீதம் என்றால் படிக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம். கேட்பவன் தங்கமீன் என்றால் அவனுக்குத் தீனி தூவினால் போதும். இரண்டும் சேர்ந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: எதிரில் இருப்பவன் முட்டாள். மேடையேறி ‘அவையோரே’ என்று கைகூப்புபவர் மனதுக்குள் இப்படித்தான் நினைக்கிறார் என்றால் அதைவிட அவமரியாதை வேறென்ன?

*

நம் ஊரில் கேட்பவர்கள் இப்படி இருந்ததில்லை. வட மாவட்டங்களில் பாரதக் கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். பகலெல்லாம் வயலில் நின்றவர்கள்தான் பார்க்கிறார்கள். ‘கூத்துல கட்டியங்காரன் ஜோக் அடிக்கிறானே’ என்பீர்கள். ஆமாம், அடிக்கிறான். அவன் என்ன செய்கிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? ராஜா வந்து நின்றதும் ‘யார் நீ, எதுக்கு வந்தே’ என்று கேட்பவன் அவன். ராகத்தில் பாடியதைப் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்பவன் அவன். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு வரும் சந்தேகத்தை, கிண்டலை, எரிச்சலை அவனுக்குப் பதிலாக மேடையில் நின்று கேட்பவன் அவன். அவனுடைய சிரிப்பு கதைக்குள்ளே போகும் வாசல். நம் பேச்சாளரின் மனைவி ஜோக் கதையை விட்டு வெளியே போகும் வாசல். வித்தியாசம் இதுதான். நகைச்சுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஜோக்கை எடுத்துவிட்டால் உங்கள் வாதத்தில் ஏதாவது குறைகிறதா? குறையவில்லை என்றால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை.

கிருபானந்த வாரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு பக்தி கிடையாது. ஆனாலும் சொல்ல வேண்டும். முன்வரிசையில் குழந்தைகளை உட்கார வைத்து, கதை சொல்லிக்கொண்டே கேள்வி கேட்பார். பதில் சொன்ன குழந்தைக்குப் பரிசு. கேட்ட கேள்வி கதையைப் பற்றியது. பின்வரிசைப் பெரியவர்களும் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்திருப்பார்கள். அங்கே கேட்பவருக்கு ஒரு வேலை இருந்தது.

அவருக்கு நேர் எதிர் துருவம் பெரியார். அடுக்குமொழி கிடையாது, அலங்காரம் கிடையாது. கொச்சைத் தமிழில் மணிக்கணக்காகப் பேசினார். தொண்ணூற்று நான்கு வயதில், இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பேசியது வரை அப்படித்தான். நான் சொல்வதால் நம்பாதே, உன் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர். கட்டிப்போடுவதற்கு நேர் எதிரான செயல் இது, கட்டை அவிழ்த்துவிடுவது. எதிர்க்கருத்துக்காரர்களும் நின்று கேட்டார்கள் என்றால், அவர் பேசியது அவர்களுடைய சாதி, அவர்களுடைய சாமி, அவர்கள் வீட்டுப் பெண். கோபம் வந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு போக முடியாது.

ஆத்திகர் ஒருவர், நாத்திகர் ஒருவர். ஆனால் இருவருமே எதிரில் இருப்பவனுக்கு மூளை இருக்கிறது என்று நம்பினார்கள்.

திருக்குறளில் பேச்சு தொடர்பாக மூன்று அதிகாரங்கள் உண்டு. 65 சொல்வன்மை, 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. வரிசையைக் கவனியுங்கள். முதலில் சொல். பிறகு அவையை அறிவது. அஞ்சாமை அதற்குப் பிறகுதான். நம் பயிற்சி வகுப்புகள் முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் காசுக்கு விற்கின்றன. மேடை பயம் போக்க பத்து வழிகள்! அவையை அறியாதவனுக்கு அஞ்சாமையை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் பார்க்கிறோம். ஒன்றும் தயாரிக்காமல் மேடையேறுகிறவனுக்குக் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. பயப்பட வேண்டிய விஷயம்தான் அது.

*

என் வேலையிலிருந்து ஓர் உதாரணம். ராத்திரி இரண்டு மணி. ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்துவிட்டது. இருபது பேர் காலில் இருக்கிறார்கள். டேட்டாபேஸ் டீமில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் இல்லை, குரல் லேசாக நடுங்கும். ‘பதினொன்னே முக்காலுக்கு இந்த ஜாப் ஓடியிருக்கு. அது இந்த டேபிள லாக் பண்ணியிருக்கு. அதுக்கப்புறம் வந்த எல்லாரும் க்யூல நிக்கிறாங்க’ என்று ஆரம்பிக்கிறாள். கொக்கி இல்லை, சொந்தக் கதை இல்லை. இருபது பேரும் மூச்சு விடாமல் கேட்கிறோம். இயக்குநர் அளவிலான ஆசாமி மைக்கை மியூட்டில் போட்டுவிட்டுக் குறிப்பெடுக்கிறார்.

ஏன்? அவள் சொல்லும் விஷயம் அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் தேவை. அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்கிறாள். இந்த மூன்றும் இருந்தால் கவனம் தானாக வரும்.

உடனே வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். ‘இலக்கியக் கூட்டத்துல எவனுக்கு சர்வர் விழுந்திருக்கு? அவங்க ஞாயித்துக்கிழம பொழுதுபோகாம வந்தவங்க. கொஞ்சம் சிரிக்க வெச்சாதான் உக்காருவாங்க.’ நியாயமான வாதம்தான். ஒரு கவிதையைப் பற்றிய பேச்சு அந்த ராத்திரி இரண்டு மணி அவசரத்தோடு யாருக்கும் தொடங்காது. ஆனால் பேச்சாளரின் உழைப்பு தேவைப்படும் இடமே அதுதான். இது உன் பிரச்சினையும்தான் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு கேள்வி போதும். அந்தப் பெரியவர் என்னைக் கேட்டாரே, ‘அவ எதுக்குத் திரும்பிப் போறா?’ அதை நான் மேடையில் முதல் வரியாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரும்பிப் போகக்கூடாத இடத்துக்குத் திரும்பிப் போன யாராவது ஒருவரை அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சிலர் அப்படிப் போனவர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்கள் அதன் பிறகு போனை எடுத்திருப்பார்களா?

அந்தக் கேள்வி நாவலிலேயே இருந்தது. எடுப்பதற்கு அதை இன்னொரு முறை படிக்க வேண்டும், ஒரு வாரம் மண்டையில் போட்டு உருட்ட வேண்டும். ஜோக்கை போனிலேயே தேடி எடுத்துவிடலாம். அதனால்தான் நான் ஜோக்கை எடுத்தேன்.

*

இன்னொரு கட்சியும் உண்டு. இதைப் படித்துவிட்டு அவர்கள் சந்தோஷப்படுவதற்கு முன் அவர்களிடமும் பேசிவிடுகிறேன்.

பதினெட்டுப் பக்கக் கட்டுரையைத் தலைநிமிராமல் வாசிப்பவர்கள். கேட்பவர் நெளிவதைத் தங்கள் ஆழத்துக்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்பவர்கள். ‘இது தீவிரமான கூட்டம், ஜனரஞ்சகமா பேச முடியாது’ என்பவர்கள். ஐயா, சலிப்பு ஆழமாகிவிடாது. காதுக்கென்று எழுதாத ஒன்றைக் காதில் ஊற்றுவது ஜோக் அடிப்பவரின் அதே அலட்சியம்தான். எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்காததில் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். வாசிப்பவன் ஒரு வரி புரியாவிட்டால் திரும்பப் படிக்கலாம். கேட்பவனுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பேச்சில் சொல்லும் புள்ளிகள் குறைவாகவும், ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது தெளிவாகவும் இருக்க வேண்டும். பதினைந்து கோட்பாட்டாளர்களின் பெயரை வரிசையாகச் சொல்வது மனைவி ஜோக்கைப் போலவே கைதட்டலுக்கான வேலைதான். கைதட்டுபவர்கள் மட்டும் வேறு.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் உங்களுக்குக் கொடுத்த நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் ஆயிரம் மனித நிமிடங்கள். பதினாறு மணி நேரம் நாற்பது நிமிடம். ஒரு முழு விழிப்பு நாளை யாரிடமிருந்தோ பிடுங்கிக்கொள்கிறீர்கள். பழைய ஏதென்ஸ் நீதிமன்றங்களில் பேசுபவர் பக்கத்தில் தண்ணீர்க் கடிகாரம் வைத்திருந்தார்கள். தண்ணீர் தீர்ந்தால் பேச்சு தீர்ந்தது. நம்மிடமும் நாழிகை வட்டில் இருந்தது. இப்போது எல்லோர் கையிலும் நொடி காட்டும் போன் இருக்கிறது. ஆனால் நம் மேடையில் துண்டுச்சீட்டு வந்ததும், ‘சீட்டு வந்துவிட்டது, இருந்தாலும்...’ என்று சிரிக்கிறார் பேச்சாளர். கூட்டமும் சேர்ந்து சிரிக்கிறது. அடுத்துப் பேச வேண்டிய, பெயர் தெரியாத, மூன்று வாரம் உழைத்துக் குறிப்பெடுத்து வந்த இளம் பேச்சாளரிடம் ‘நேரமின்மை காரணமாக’ ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். யாருடைய நேரமின்மை அது?

குறைவாகப் பேசுவதே சிறப்பு என்றும் இல்லை. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் இரண்டு நிமிடம் பேசியதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசியதைக் கேலிக்குச் சொல்வார்கள். அது நியாயமில்லை. அன்று முக்கியப் பேச்சாளர் எவரெட்தான். மூன்று நாள் போர் எப்படி நடந்தது என்று அந்தப் போர்க்களத்து மக்களிடமே விரித்துச் சொன்னார். அதற்கு இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது, கூட்டமும் அதை எதிர்பார்த்தே வந்திருந்தது. மறுநாள் அவரே லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். தான் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்ற மையத்தை லிங்கன் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டார் என்ற பொருள்பட. அன்று இருவரிடமும் ஒரு மையம் இருந்தது. ஒருவர் அதைச் சுருக்கமாகச் சென்றடைந்தார், இன்னொருவர் விரிவாக. மையமே இல்லாதவரை டெட் மேடை போல 18 நிமிடத்தில் நிறுத்தினாலும் 18 நிமிடம் வீண்தான்.

*

கடைசியாக நம்மிடம். கேட்பவர்களிடம்.

பேச்சாளர்கள் இப்படி ஆனதற்குப் பாதிக் காரணம் நாம். யார் வந்தால் கூட்டம் வரும் என்று ஏற்பாட்டாளர் கணக்குப் போடுவது நம்மை வைத்துத்தான். கூட்டம் முடிந்த இரவே யூடியூபில் நாற்பது வினாடித் துண்டுகளைத் தேடுவது நாம்தான். இப்போதெல்லாம் சில பேச்சாளர்கள் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதே இல்லை, கேமராவைப் பார்க்கிறார்கள். நாற்பது வினாடிக்கு ஒருமுறை வெட்டுவதற்கு வசதியாக நிறுத்துகிறார்கள். அரங்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பொலி கொடுக்கும் துணை நடிகர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒன்று செய்யலாம். கேள்வி கேட்கலாம். ‘சார், நாலாவது கதையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே’ என்று அன்று நான் எழுந்து கேட்டிருக்கலாம். புத்தகத்தை இரண்டு முறை படித்தவன் நான். ஐந்தாவது வரிசையில்தான் இருந்தேன். அம்மாவின் பின்னந்தலை எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து பேரைக் கூப்பிடாதீர்கள். புத்தகத்தைப் படித்த இரண்டு பேர் போதும். வரவேற்புரையில் பெயர் வாசிக்கும் நேரத்தைக் கேள்விகளுக்குக் கொடுங்கள். கூட்டம் குறையும். குறையட்டும். அறுபது பேர் சிரித்துவிட்டுப் போவதைவிட பதினைந்து பேர் ஒரு கதையோடு வீட்டுக்குப் போவது அந்த எழுத்தாளனுக்குப் பெரிது.

அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முதல் புத்தகம், எழுதிய பெண்ணை எனக்கு அறிமுகம் இல்லை. ஏற்பாட்டாளர் போனில், “கொஞ்சம் ஜாலியா பேசுங்க ப்ரோ, ஆடியன்ஸ் எங்கேஜ்டா இருக்கணும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒன்று கேட்டேன்: “அவங்க வீட்லருந்து யாராவது வர்றாங்களா?”

“ஏன் ப்ரோ?”

“சும்மாதான்” என்றேன். புத்தகத்தை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கேள்வி கிடைக்கவில்லை.